சரி சொன்னவனுக்குப் பொன்னாடை

வாரத்தில் இரண்டு மூன்று நாள் எங்கள் வளாகத்தில் விடைவிழா உண்டு. யாருக்கு என்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். விழா நாயகருக்கு மட்டும் தெரியாது. சமையற்கூடத்து எந்திரத்திடம் கேசரிக்கும் உளுந்தவடைக்கும் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பொன்னாடையை மடிப்புக் கலையாமல் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, அன்றைய ஆளை எப்படிப் புகழ்வது என்று யோசிக்க ஆரம்பிப்பேன். இதுதான் என் உத்தியோகம். விடையுரையாளர் என்று பெயர். வெட்கமாக இல்லையா என்றால், இருக்கத்தான் செய்கிறது.

தூத்துக்குடியில் பொன்னாடை இல்லாத வீடு கிடையாது. ஜன்னலுக்குத் திரை, தலையணைக்கு உறை, தையல் மிஷினுக்கு மூடி எல்லாம் பொன்னாடைதான். எங்கள் தெருவில் ஓர் ஆடு, மழைக்காலத்தில் ஜரிகை போட்ட பச்சைப் பொன்னாடையோடு திரியும். அதன் சொந்தக்காரரும் எங்கள் வளாகத்தில்தான் வேலை பார்க்கிறார். அவருக்கு நான்கைந்து முறை விடைகொடுத்தாயிற்று, இன்னும் போகவில்லை.

போகக் கூடாது என்பதற்காகத்தான் விழாவே. ஊரில் ஆள் இல்லை. இரண்டு தலைமுறையாகப் பிள்ளை பெறுவதை எல்லோரும் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்ததில் தெருவுக்கு நான்கு வீட்டில்தான் விளக்கு எரிகிறது. தாமிரபரணியோ பெயருக்கு ஓடுகிறது. முன்பு உப்பளங்கள் இருந்த வெளி முழுக்க இப்போது நன்னீர்க் கோபுரங்கள். கடலை உறிஞ்சி, உப்பைக் கழித்து, மாவட்டத்துக்கே குடிதண்ணீர் கொடுக்கின்றன. எல்லா வேலையையும் எந்திரமே பார்த்துக்கொள்ளும். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது: மனிதன் ஒருவன் வாய்திறந்து 'சரி' என்று சொல்லாமல் எந்த எந்திரமும் எந்த வால்வையும் திறக்கக் கூடாது.

ஆகவே கோபுரத்துக்கு ஓர் ஒப்புநர். குளிரூட்டிய அறை, சாய்வு நாற்காலி, எதிரே ஒரு ஸ்பீக்கர். "மூன்றாம் வால்வைத் திறக்கட்டுமா?" சரி. "வடிசவ்வைக் கழுவட்டுமா?" சரி. சாயங்காலம் வரைக்கும் இதுதான். பட்டப்படிப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் செய்கிற வேலை இது. கிளிக்குச் சொல்லிக்கொடுத்தால் கிளி செய்யும். சட்டம் கிளியை ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒப்புநர் ஒருவர் கிளம்பிவிட்டால் மாற்று ஆள் வரும்வரை அந்தக் கோபுரம் நிற்கும்.

யாரையும் வேலையில் பிடித்து வைப்பதும் குற்றம். அந்தச் சட்டத்துக்குப் பயந்து எங்கள் வளாகத்து வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளே போடவில்லை. கடற்காற்றில் அது நாளெல்லாம் டப்பு டப்பென்று அடித்துக்கொண்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். சம்பளத்தை ஏற்றிப் பார்த்தார்கள். ஆளே இல்லாத ஊரில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். உயிரோடு இருக்கிற தமிழனை நாலு பேர் முன்னால் புகழ்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், பிரிவு உபசார விழா. பெண்டாட்டி புகழ மாட்டாள், பெற்ற பிள்ளை புகழாது, மேலதிகாரி சொல்லவே வேண்டாம். வேலையை விட்டுப் போகிற அன்றைக்குத்தான், இத்தனை நாள் முதுகில் குத்தியவன்கூட மைக்கைப் பிடித்துக் கண்கலங்குவான். அந்த விழாவை ஆள் போகும் முன்பே வைத்துவிட்டால்? உச்சி குளிர்ந்து உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தார்கள். மானம், சூடு, சொரணை ஏதாவது இருந்தால்தானே.

எங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். உள்ளே இருக்கும் சென்சார் நாடித்துடிப்பை, வியர்வையை, தூக்கத்தை எல்லாம் பார்த்து 'நாடி' என்ற மூளைக்கு அனுப்பும். வேலையை விடும் எண்ணம் ஒருவருக்குள் பழுத்துவிட்டால் நாடி காலையில் என்னிடம் சொல்லும்: "இன்னார் கனிந்துவிட்டார்." அன்றைக்கு மூன்று மணிக்கு விழா. முடிவில் நாடி எல்லோர் காதிலும் விழும்படி கேட்கும், "பணி தொடரட்டுமா?" மாலையும் கண்ணீருமாக நிற்கிற ஆள் பழக்க தோஷத்தில் "சரி" என்பார். கைத்தட்டல். கேசரி.

ஆரம்பத்தில் இஷ்டத்துக்குப் புளுகிப் புகழ்ந்தார்கள். ஐஸ் வைக்கிறார்கள் என்று தெரிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அதனால் மேடையில் மெய்விளக்கு வந்தது. பேசுகிறவர் மனமறிந்து பொய் சொன்னால் சிவப்பு, உண்மை என்றால் பச்சை. என்னைப் போன்றவர்களுக்கு மதிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். எந்த உப்புக்குப் பெறாத ஆளிடமும் உண்மையாகப் புகழ ஏதாவது ஒன்று கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கத் தெரியவேண்டும். ஒருமுறை ஒருவரிடம் ஒன்றுமே அகப்படாமல், "இவர் டீ குடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை" என்றேன். மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார், கிளாஸைக் கழுவிக்கொண்டு.

இவர்கள் எல்லோரையும் நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேன் என்பது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். இசக்கியப்பன். ஏழாம் கோபுரத்து ஒப்புநர். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். சாயங்கால டீயைக் கோபுரத்தின் பின்பக்கத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்துதான் குடிப்போம். குடித்து முடிக்கும்வரை வேலையைத் திட்டுவோம்.

"நாளைக்கு நான் வரமாட்டேன் பாத்துக்கோ" என்பான்.

"நீ வரலைன்னா நானும் வரமாட்டேன்" என்பேன்.

மறுநாள் இரண்டு பேரும் வந்துவிடுவோம். எங்கள் இருவரையும் நாடி ஒருநாளும் கனிந்தவர்கள் என்று சொன்னதில்லை. தினமும் திட்டுகிறவன் போகமாட்டான் என்பது அந்த மூளைக்குத் தெரியும். திட்டியே எல்லாம் இறங்கிப்போய்விடும்.

இசக்கியின் மனைவி பேச்சியம்மாளுக்கு உப்புக்காற்று ஆகாது. மூச்சு இழுக்கும். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பின்னாலேயே வருகிறேன் என்று சொன்ன இசக்கி, மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவான். அந்த வீட்டுக்கு மேலே இன்னொரு சின்ன வீடு பூட்டிக் கிடக்கிறதாம். "ராஜகனியையும் கூட்டிட்டு வாங்க, அவளும் அங்கன ஒத்தையிலதான கெடக்கா" என்று பேச்சியம்மாள் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவாள். நான் கல்யாணம் கட்டாத பாவத்துக்கு எனக்கென்று கேட்க அவள் ஒருத்திதான்.

ஒரு வருடம் ஆனி மாதத்தில் ஒருநாள் இசக்கி டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். திட்டவில்லை.

"என்னல, வாயில கொழுக்கட்டையா?"

"பேச்சி சொல்லிட்டா. ஆடி அமாவாசைக்குள்ள வந்தா வா, இல்லன்னா அப்புறம் வரவே வராதன்னுட்டா."

"சும்மா மெரட்டுவா."

"இல்ல. இந்தத் தடவ அழல பாத்துக்கோ. சோறு போட்டுக்கிட்டே சொன்னா." டீயைக் கீழே ஊற்றினான். "எனக்கு அவ வேணும் ராஜகனி. இங்க சரி சரின்னு சொல்லிச் சொல்லி எனக்கு வேற வார்த்தையே மறந்துபோச்சு."

அவனுக்கு அது வெறும் பேச்சில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தைய வருடம் நடந்ததை அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். ஏதோ கோளாறில் எந்திரம் ஒரு நாள் அவனிடம் கேட்டிருக்கிறது: "தொட்டியில் உள்ள நன்னீர் முழுவதையும் கடலுக்குத் திருப்பி விடட்டுமா?" இசக்கி "சரி" என்றிருக்கிறான். விட்டுவிட்டது. பாதி ஊருக்கு அன்று தண்ணீர் இல்லை. குழாய் உடைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். எந்திரத்தைப் பொறுத்தவரை தவறே நடக்கவில்லை, ஒப்புதல் வாங்கியிருந்தது. "ஆஸ்பத்திரியிலயும் தண்ணி இல்லையாம்" என்று சொல்லி அன்றைக்கு அந்தத் திண்டில் உட்கார்ந்து இசக்கி முகத்தை மூடிக்கொண்டான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

டீயை ஊற்றிய மறுநாள் காலை நாடி சொன்னது: "ஏழாம் கோபுரம் இசக்கியப்பன் கனிந்துவிட்டார்."

தலைமை மேலாளர் கிளாட்சன் ஓடோடி வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். பல் தெரியச் சிரிக்கிற ஆள். காரியம் ஆகவேண்டும் என்றால் இன்னும் இரண்டு பல் கூடுதலாகத் தெரியும்.

"மேடம், இசக்கி அண்ணாச்சி போனா ஏழாம் கோபுரம் ஆறு மாசத்துக்கு நிக்கும். நீங்கதான் பாத்துப் பேசணும். ஒங்களுக்கு அவரப் பத்தி நல்லாத் தெரியும்லா?"

"தெரியும்."

"அப்பச் சரி. கேசரியில முந்திரி கூடப் போடச் சொல்லிருங்க."

அவனைப் புகழ எனக்குத் தோண்டவே வேண்டாம். ஒரு முழுநாள் பேச விஷயம் இருந்தது. பேசினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அழுவான், சரி என்பான், சாயங்காலம் திண்டுக்கு டீயோடு வருவான். எனக்கு என்ன நஷ்டம்? பேச்சியம்மாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாளாம் என்பதுதான் மதியம்வரை மனதைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அரங்கு நிறைந்தது. கேசரி என்றால் நிறையும். இசக்கியை மேடைக்கு அழைத்ததும் அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஆனாலும் பொன்னாடைக்குத் தோளைக் குனிந்து கொடுத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

மைக்கை எடுத்தேன்.

"இந்த ஆள நல்லாப் பாத்துக்கோங்க. போன வருஷம் ஒருநா பாதி ஊருக்குத் தண்ணி வரலயே, ஞாபகம் இருக்கா? குழாய் ஒடையல. தொட்டித் தண்ணிய மொத்தமும் கடல்ல விடவான்னு எந்திரம் கேட்டுச்சு. இவரு சரின்னுட்டாரு."

விளக்கு பச்சையாக எரிந்தது. முன்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது. அவர்களில் ஒருவராவது அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பார்களா? செத்தாலும் மாட்டார்கள்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை இவரு வாயில இருந்து நான் கேட்டதே இல்ல. பெண்டாட்டி பத்து வருஷமாக் கூப்பிடுதா, அவளுக்கும் சரிதான், நமக்கும் சரிதான். இப்ப இங்க நின்னு, போத்துன துணிக்கும் சரின்னுட்டு நிக்காரு. இவரு இருந்தா கோபுரத்துக்கு என்ன, போனா என்ன? இவர நெனச்சா எனக்கு அருவருப்பா இருக்கு."

கடைசி வாக்கியத்தில் விளக்கு சிவப்பாகிவிடுமோ என்று பயந்தேன். பச்சையாகவே எரிந்தது. அவனையும் என்னையும் சேர்த்துத்தான் நினைத்தேன், அதனால் இருக்கலாம்.

கிளாட்சன் பதறிப்போய் நாடியைத் தூண்டினார். "பணி தொடரட்டுமா?" என்று நாடி கேட்டது.

"வேண்டாம்" என்றான் இசக்கி.

பொன்னாடையை எடுத்து ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்தான். என்னைக் கடக்கும்போது, "ஒன்ன நம்பித்தானட்டி சொன்னேன்" என்றான். தாழ்ப்பாள் இல்லாத கதவு அவனுக்குப் பின்னால் இரண்டு தரம் அடித்துக்கொண்டது. அரங்கத்தில் யாரும் கேசரியைக் கீழே வைக்கவில்லை.

கிளாட்சன் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நானும் போய்விடுவேன் அல்லவா. ஏழாம் கோபுரம் நின்றது. சாயங்காலங்களில் நான் மட்டும் திண்டில் உட்கார்ந்து டீ குடித்தேன். யாரிடம் திட்டுவது? திட்ட ஆள் இல்லாமல் எல்லாம் உள்ளேயே தங்கிக் கட்டியாயிற்று. இசக்கி என் அழைப்பை எடுக்கவில்லை. பேச்சியம்மாள்தான் ஐப்பசியில் ஒருநாள் பேசினாள்.

"ஒன் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போனாரு. நாந்தான் சொன்னேன், கூறுகெட்ட மனுசா, அவ ஒங்களத் தொரத்தி விட்டிருக்கா, அதுகூடப் புரியலயான்னு. ரெண்டு நாளா யோசிச்சாரு. இப்பம் அழுதுக்கிட்டுக் கெடக்காரு. நீ கெளம்பி வா. மேலவீட்டக் கழுவி விட்டிருக்கேன்."

அன்றைக்கே பையைக் கட்டினேன். என்னிடம் கட்டுவதற்கு ஒன்றும் அதிகம் இல்லை. மறுநாள் காலை நாடி வழக்கமான குரலில் சொன்னது: "விடையுரையாளர் ராஜகனி கனிந்துவிட்டார்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பொன்னாடையை நானே எடுத்து வைத்தேன், கேசரிக்கு நானே சொன்னேன். கத்திரிக்காய் விற்கிறவளிடமே சொத்தையைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். யார் வந்து என்னத்தைப் புகழ்ந்தாலும் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். பையை அரங்கத்து வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மேடையில் இசக்கி நின்றுகொண்டிருந்தான்.

முகத்தில் நிறம் வந்திருந்தது. நல்ல சட்டை. கிளாட்சன் அவனைக் கூப்பிட்டு, ராஜகனி மேடத்துக்கு வழியனுப்பு விழா, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் என்றிருக்கிறார். இவனும் என்னைக் கையோடு கூட்டிப்போகலாம் என்று வந்துவிட்டான். இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் விழா எதற்கு என்று அந்தப் பேயனுக்கு உறைக்கவில்லை.

"எனக்குப் பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தான். "இவ நாக்கு தேள்கொடுக்கு. அன்னைக்கு என்னயக் கொட்டினா. வீட்டுக்குப் போயிக் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். ஆனா இன்னைக்கு நான் காலையில எந்திரிச்சா பேச்சி பக்கத்துல இருக்கா. யாரு தந்தது? ராஜகனி தந்தது. கூட டீ குடிக்க இருந்த ஒரே ஆளயும் வெரட்டிவிட்டுட்டு ஒத்தையில உக்காந்திருந்தா. அப்படி யாரு செய்வா?"

பச்சை. நான் கண்ணாலேயே சொல்லிப் பார்த்தேன். திட்டு இசக்கி. சத்தியத்தை மீறினவள் என்று சொல். நாறவாய் என்று சொல். ஊரைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தே வயிற்றைக் கழுவினவள் என்று சொல், அதற்கும் பச்சைதான் எரியும்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அரங்கத்தைப் பார்த்தான். "ஒங்க எல்லாருக்கும் என்னைக்காவது ஒருநா இவ தேவைப்படுவா. மொகத்துக்கு நேரா உண்மையச் சொல்ல இந்த வளாகத்துல இருக்கது இவ ஒருத்திதான்."

பச்சை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளாஸ் கழுவுகிறவர் பார்த்தார், ஆட்டுக்காரர் பார்த்தார். இத்தனை வருடம் நான் புழுவைப்போல நினைத்த அத்தனை முகமும் என்னை வேண்டும் என்று பார்த்தது. என் வாழ்க்கையில் ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் தொண்டை அடைக்கும், எந்த இடத்தில் கண் நிறையும் என்பதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன? தொண்டை அடைத்தது, கண் நிறைந்தது. கிளாட்சன் பொன்னாடையோடு வந்தபோது என் தோள் தானாகக் குனிந்தது.

"பணி தொடரட்டுமா?" என்றது நாடி.

வாசலில் கதவு அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் பை இருந்தது.

"சரி" என்றேன்.

கைத்தட்டல் அடங்கியபிறகுதான் இசக்கிக்கு விளங்கியது. பஸ் நிறுத்தம்வரை கூடவே போனேன். பஸ் வந்ததும், "அப்பம் மேலவீடு?" என்று கேட்டான்.

"ஆடி வரட்டும்" என்றேன்.

"எந்த ஆடி?" என்று கேட்டுவிட்டு ஏறிப்போனான். பேச்சியம்மாளுக்காகக் கேசரி ஒரு பொட்டலமும், எனக்குப் போர்த்திய பொன்னாடையும் அவன் கையில் கொடுத்திருந்தேன்.

அது நடந்து எத்தனையோ ஆடி போயிற்று. முகத்துக்கு நேராகச் சொல்வேன் என்று நம்பி என்னை இருத்திவைத்தார்களே, அந்த உண்மையை இதுவரை ஒருவர் முகத்துக்கும் நான் சொல்லவில்லை. மேடையில் ஓர் ஆளை அப்படித் திட்டவேண்டுமானால் அந்த ஆள்மேல் அவ்வளவு ஆசை இருக்கவேண்டும். இங்கே எனக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை. கிளாஸ் கழுவுகிறவருக்கு நாளைக்கு மறுபடியும் விழா, கேசரிக்குச் சொல்லியாயிற்று. என் பொன்னாடையைப் பேச்சியம்மாள் மேலவீட்டு ஜன்னலுக்குத் திரையாகத் தைத்துப் போட்டிருக்கிறாளாம். மாதம் ஒருமுறை வீட்டைக் கழுவும்போது அதையும் துவைத்து மாட்டுகிறாளாம்.